மேலே வராத கோதுமை

தல்ஜீத்தின் அப்பா விதைத்த குட்டைக் கோதுமை வெளியே தலைகாட்டவே இல்லை. பக்கத்து வயலில் பெரியப்பா அதே நாளில் விதைத்த நெட்டைக் கோதுமையோ பச்சைப்பசேலென்று வந்துவிட்டது.

லூதியானா பண்ணையில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய புது விதை அது. பயிர் இடுப்பளவுதான் வளருமாம். ஆனால் கதிர் கனமாக இருக்குமாம்.

“உன் கோதுமைக்கு ரொம்பக் கூச்சம்டா. மண்ணுக்குள்ளயே உட்காந்துக்கிச்சு,” என்று பெரியப்பா தாடியை நீவிக்கொண்டு சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. “நாளைக்கு உழுதுட்டுப் பழைய விதையையே போட்டுடறேன். மிச்சம் இருக்கிற புது விதையை அரைச்சு ரொட்டி சுட்டுக்கலாம்,” என்றார்.

தல்ஜீத்துக்கு அழுகை வந்தது. அந்த விதை மூட்டையைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததே அவள்தான். வயலில் உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள்.

விதை செத்துப்போகவில்லை. முளைவிட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்த வெள்ளை முளை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதற்குள்ளிருந்து வந்த இலை மண்ணை முட்டி முட்டிச் சுருண்டு கிடந்தது.

ஓடிப்போய்ப் பெரியப்பா வயலிலும் ஒரு செடியடியில் தோண்டினாள். அங்கே முளை மண்ணின் மேல்மட்டம்வரை நீண்டிருந்தது.

“அப்பா, இங்க பாருங்க. செடி மட்டும் குட்டை இல்ல, முளையும் குட்டை. அதோட பிறவியே அப்படி. நாம ஆழமா போட்டுட்டோம். பாவம், அதுக்கு எட்டல.”

“உள்ளங்கை ஆழத்துலதானே எப்பவும் போடுவோம்? மேலாகப் போட்டா ஈரம் இருக்காதேம்மா.”

“முதல்ல தண்ணி பாய்ச்சிட்டு, ஈரம் காயறதுக்குள்ள போடலாம். என் சுண்டுவிரல் ஆழம் போதும்பா.”

அப்பா சுருண்ட இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இருட்டுல எவ்வளவு போராடியிருக்கு,” என்றவர், எழுந்துபோய் வாய்க்காலைத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரமே மிச்ச விதையை மேலாக விதைத்தார்கள். சில நாளில் வரிசை வரிசையாகப் பச்சை ஊசிகள் எழுந்தன. தல்ஜீத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்குப் போகுமுன் தினமும் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அறுவடை நெருங்கும்போது பெருங்காற்று அடித்தது. பெரியப்பாவின் நெட்டைக் கோதுமை பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. குட்டைக் கோதுமை அத்தனை கனத்த கதிரைச் சுமந்தும் அசைந்துகொடுக்கவில்லை. என்ன உறுதி அதற்கு!

அன்று மாலை தல்ஜீத் பள்ளியிலிருந்து திரும்பும்போது, வயலில் பெரியப்பாவின் குரல் கேட்டது.

“எனக்கும் கொஞ்சம் விதை குடுடா. எப்படி விதைக்கணும்னு சொல்லு.”

“என்னைக் கேக்காதீங்க அண்ணே. இந்த வயலோட விவசாயி பள்ளிக்கூடம் விட்டு இப்ப வந்துடுவாங்க. இருந்து கேட்டுட்டுப் போங்க.”

பெரியப்பா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, வரப்பில் அடக்கமாக உட்கார்ந்தார். தல்ஜீத் புத்தகப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.