கட்டிலுக்கு அடியில் அப்பாவின் குரல்

மத்தியான வேளையில், மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக் அந்தப் பழைய மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தான். நீளமான அறை. பினாயில் நெடி. வெயில் ஜன்னலோடு நின்றுவிட்டது. கடைசிக் கட்டிலை எட்டவில்லை. அதுதான் காலியாக இருந்தது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் 'வாலு'. மனைவி இறந்த பிறகு அவளுக்கு எல்லாமே அவன்தான். போன வருஷம் மூட்டுகள் வீங்கி, இரண்டு கன்னங்களிலும் சிவப்புப் படர்ந்தபோது லூப்பஸ் நோய் என்றார்கள். மாத்திரையில் அடங்கித்தான் இருந்தது. இப்போது வாய்ப்பாடு மறந்தது. ஓயாத வாயாடிக்குப் பேச்சே நின்றுபோனது. சோம்பேறித்தனம் என்றார் வகுப்பு டீச்சர். பிறகு மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தாள்.

பரிசோதனைகளைப் பார்த்த டாக்டரம்மா அவனைத் தனியே அழைத்தார்.

"நோய் மூளையைத் தொட்டிருக்கு. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே அதைத் தாக்குது. மறதி, பயம், இல்லாத குரல் கேக்கறது எல்லாம் அதனாலதான். பைத்தியம்னு யார் சொன்னாலும் காதுல வாங்காதீங்க. நரம்பு வழியா ஏத்தற மருந்து இருக்கு. அவ ஏத்த விடணும்."

அவள் விடவில்லை. நர்ஸ் குத்திய ஊசியைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஏன் கண்ணு?"

கட்டிலுக்கு அடியைக் காட்டினாள். "அங்க ஒருத்தர் படுத்திருக்காரு. அது விஷம்னு சொல்றாரு."

"யாரு?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உன் குரல்லதான்ப்பா பேசறாரு."

இருட்டு லிஃப்ட் குழிகளுக்குள் தனியாக இறங்கிப் பழகியவன் அவன். இன்று கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

குனிந்தான்.

வெறும் தரை.

ஆனால் அங்கிருந்து வந்த காற்று, மூச்சைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

நிமிர்ந்து மகளின் கையைப் பிடித்தான். "இதோ பாரு. நான் பேசறப்ப எல்லாம் உன் கையைப் பிடிச்சிருப்பேன். கையைப் பிடிக்காம வர்ற குரல் என்னோடது இல்ல. சரியா?"

அவள் விரல்கள் மெல்ல இறுகின. "ஊசி போடச் சொல்லுப்பா."

மருந்து ஏறியது. அதற்குப் பிறகு கையைப் பிடிக்காமல் அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "ரெண்டு பேரையும் பசை போட்டு ஒட்டிட்டாங்களா?" என்று நர்ஸ் கேலி செய்தாள். கட்டிலடிக் குரல் நாளுக்கு நாள் தேய்ந்து முணுமுணுப்பானது. ஒரு காலையில் வாலு பழையபடி சிரித்தாள்.

"போயிட்டாருப்பா."

எங்கே என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டான்.

"மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. மனநல டாக்டரையும் விடாம பாருங்க" என்று சொல்லி டாக்டரம்மா அனுப்பிவைத்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் சாயங்கால வெயில். இத்தனை நாளும் பூட்டிக் கிடந்த வீடு. சாவியைத் திருப்பித் தள்ளினான். கதவு அசையவில்லை.

உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

"இரு கண்ணு, வர்றேன்."

உள்ளேயிருந்து வந்தது அவனுடைய குரல். அவன் வாயைத் திறக்கவே இல்லை.

வாலு கொட்டாவி விட்டாள். அவள் காதில் எதுவுமே விழவில்லை. "என்னப்பா, மசமசன்னு நிக்கற? திற."

உள்ளே தாழ்ப்பாள் மெல்ல விலகியது.