மடையில் வெள்ளை நூல்

சித்திரையில் கண்மாய் வற்றும்போது ஊரே கூடி மீன் பிடிப்பது அந்த ஊர் வழக்கம். பெரியவர் ரத்தினவேல் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், அத்தனை பேரும் தண்ணீருக்குள் பாய்வார்கள்.

ஐந்தாம் வகுப்புத் தேவிப்ரியாவுக்கு இந்த வருடம்தான் முதல் முறை. அப்பா அடைக்கலம் அவளுக்கென்று ஓர் ஊத்தா வாங்கித் தந்திருந்தார். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மேலே கை நுழைகிற அளவுக்கு வாய் இருக்கும். தை மாதத்திலேயே அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிந்தாள். கோழிகள் அவளைக் கண்டாலே ஓடின.

அந்த ஆசையில் மண் விழுந்தது. மடையோரம் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன.

“இப்படியே செத்துக்கிட்டு இருந்தா, இந்த வருசம் துண்டு வீச மாட்டேன். இதத் தின்னுட்டு யாரு ஆஸ்பத்திரிக்கு அலையுறது?” என்றார் ரத்தினவேல்.

தேவிப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் பள்ளி விட்டதும் நேரே மடைக்குப் போனாள். செத்த கெண்டை ஒன்றைக் குச்சியால் கரைக்கு இழுத்தாள். அதன் வாயில் வெள்ளை நூல் ஒன்று தொங்கியது.

மீனுக்கு நூல் எங்கே கிடைத்தது? நிமிர்ந்து பார்த்தாள். மடையில் தண்ணீர் ஒழுகாமல் இருக்க, யூரியா சாக்குகளில் மண்ணை நிரப்பி அடைத்திருந்தார்கள். வெயிலில் இற்றுப்போன பிளாஸ்டிக் சாக்கு நூல்நூலாகப் பிரிந்து தண்ணீரில் ஆடியது. சின்ன மீன்கள் அதைப் புழுவென்று நினைத்துக் கொத்தின.

குச்சியால் ஒரு நூலைத் தூக்கினாள். பூச்சிமருந்து வாடை குப்பென்று அடித்தது.

மருந்து எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதற்குள், பதில் தானே நடந்து வந்தது. வயலுக்கு மருந்தடித்துவிட்டு, முதுகில் தெளிப்பானோடு அதைக் கழுவ வந்தார் அப்பா.

“அப்பா, இங்கிட்டுக் கழுவாதீங்க.”

“வேற எங்கிட்டுக் கழுவ? தண்ணி இங்கதான கெடக்கு. மருந்தெல்லாம் கரைஞ்சு போயிரும் ஆத்தா.”

“கரையலப்பா. இந்த நூல்ல ஊறிக் கெடக்கு, மோந்து பாருங்க. மீனு நூலையும் திங்குது, மருந்தையும் திங்குது. ரெண்டும் சேந்தா சின்ன மீனு எப்படித் தாங்கும்?”

அடைக்கலம் நூலைப் பார்த்தார், மடையைப் பார்த்தார். “சாக்கு வச்சு அடைச்சதும் நாந்தான்” என்று முனகினார். முகம் வாடிப்போயிற்று.

தேவிப்ரியாவுக்குப் பாவமாக இருந்தது. அப்பா என்ன, வேண்டுமென்றா செய்தார்? வேலை செய்து அலுத்தவர் தண்ணீர் இருக்கிற இடத்தைத்தான் தேடி வருவார். அப்படியானால், தண்ணீர் அப்பாவைத் தேடிப் போகட்டும்.

அடுத்த முறை அவர் மருந்தடித்து முடித்தபோது, வரப்பில் தள்ளி நின்றிருந்தாள் தேவிப்ரியா. பக்கத்தில் தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் குடம். “குடத்துல மருந்து பட்டுச்சு, அப்பனுக்கும் மகளுக்கும் சோறு கெடையாது” என்று சொல்லித்தான் அம்மா சொர்ணம் அதைத் தந்திருந்தாள்.

அடைக்கலம் சிரித்துவிட்டார். மகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லித் தெளிப்பானை அலசினார். அலசிய தண்ணீரையும் பயிருக்கே அடித்தார்.

“மருந்து வயலுக்குன்னு வாங்குனது. இத்தன நாளும் கண்மாய்க்குத்தான ஊத்தியிருக்கேன்” என்றார்.

அன்று மாலையே சாக்குகளை அப்புறப்படுத்தி, வைக்கோல் பிரியும் களிமண்ணும் வைத்து மடையை அடைத்தார். மிதந்த நூல்களை அரிப்புக்கூடையால் அரித்தெடுத்தார். அவர் வயலிலேயே தெளிப்பானை அலசுவதைப் பார்த்து, பக்கத்து வயல்காரர்களும் குடம் தேட ஆரம்பித்தார்கள்.

“எங்குடத்தத் தவிர எத வேணாலும் எடுங்க” என்றாள் சொர்ணம்.

மீன்கள் சாவது குறைந்தது. மாசி முடிவதற்குள் நின்றே போனது. சித்திரையில் ரத்தினவேல் கரைக்கு வந்து தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை வீசினார்.

தேவிப்ரியா ஊத்தாவைத் தண்ணீரில் குத்திக் குத்தி நடந்தாள். உள்ளே ‘தொம்’ என்று ஏதோ முட்டியது. மேல் வாய் வழியாகக் கையை விட்டாள். கொழுத்த விரால். அவள் மூஞ்சியில் சேற்றை வாரி அடித்துவிட்டுத்தான் அது பிடிபட்டது.

வீட்டில் சொர்ணம் மீனை அறுக்கும்போது, தேவிப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள்.

“வவுத்துக்குள்ள நூல் இருக்காம்மா?”

சொர்ணம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு குட்டி இறால் மட்டும் கிடந்தது.

“நூலும் இல்ல, கயிறும் இல்ல. போயி புளியக் கரை.”