தூத்துக்குடியில் இருக்கும் ஓசூர்க்காரர்கள்

ஓசூரில் மழை என்று தொலைக்காட்சியில் சொன்னால் போதும், என் மனைவி பிலோமி மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் காயப்போட்ட வடகத்தை உள்ளே அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். இங்கே தூத்துக்குடியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். பாதிப் படியில் அவளுக்கே உறைத்துச் சிரித்துக்கொள்வாள். அடுத்த மழைச் செய்திக்கு மறுபடியும் ஓடுவாள். நான் கேலி செய்வதை நிறுத்தி நாளாயிற்று. ஓசூரில் தக்காளி ஏறியிருக்கிறது என்று கேட்டு நானும் ஒருநாள் சந்தையில் கடைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

காலையில் வாழ்த்து நேரம் முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. குளித்து, முடியைச் சீவி, டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பிறந்தநாள், திருமண நாள், பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. முன்பு உள்ளூர் கேபிளில் படத்தின் நடுவே ஓடி எரிச்சலூட்டுமே, அதே சமாச்சாரங்கள்தான். அதே ரோஜாப்பூச் சட்டம், அதே மின்னும் எழுத்து, அதே கீபோர்டு இசை. இப்போது அதைப் பார்க்க நாங்கள் கோயிலுக்குப் போவதுபோல் தயாராகிறோம்.

ஓர் ஊரில் கிளம்பிய வதந்தி பத்து ஊரைக் கொளுத்திய அந்தக் கலவர ஆண்டுக்குப் பிறகுதான் மண்டலச் சட்டம் வந்தது. அந்தந்த மண்டலத்துக்கு அந்தந்தச் செய்தி. அடுத்த மண்டலத்தோடு போன் கிடையாது, தபால் கிடையாது, அனுமதியில்லாமல் பயணமும் கிடையாது. செயற்கைக்கோளிலிருந்து எல்லா மண்டல அலைவரிசைகளும் எல்லார் கூரை மேலும் ஒன்றாகத்தான் வந்து விழுகின்றன. ஆனால் வீட்டிலிருக்கும் செட்டாப் பெட்டி, தன்னுள் பதிந்திருக்கும் சேவை முகவரி எந்த மண்டலமோ அதை மட்டுமே திறக்கும். இந்த நல்லது கெட்டது விளம்பரங்களை மட்டும், ஜனங்கள் எதையாவது போட்டுக்கொண்டு போகட்டும் என்று அரசாங்கம் விட்டுவைத்தது. இந்த ஐந்து வகை, அதற்குரிய வாசகம், பெயர், நாள், இடம், அவ்வளவுதான். வேறு ஒரு சொல் சேர்க்க முடியாது.

ஜனங்களா விடுவார்கள். டிஷ் கம்பெனிக்கு விண்ணப்பித்துச் சேவை முகவரியை வேறு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விதியில் ஓர் ஓட்டை இருந்தது. எங்கள் தெருவே அதில் நுழைந்து வெளியேறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சட்டப்படி சென்னையில் இருக்கிறார். எதிர் வீடு கோயம்புத்தூர். நாங்கள் ஓசூர். எங்கள் ரேஷன்கூட ஓசூரில் ஏதோ ஒரு கடையில் யாரும் வாங்காமல் கிடக்கிறது. கலவரத்தில் ஆவணங்கள் எல்லாம் எரிந்து போனதால், யார் எங்கே வசிக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பெட்டியைத்தான் அரசாங்கமும் சாட்சியாக எடுத்துக்கொண்டது. பெட்டி சொல்லும் ஊர்தான் உன் ஊர்.

ஓசூரில் எங்கள் ஒரே மகள் ஜெசிந்தா இருக்கிறாள். பேட்டரித் தொழிற்சாலையில் மருமகன் லியோனுக்கு வேலை கிடைத்துப் போனவர்கள், மண்டல வாசல்களை மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அப்போது அவள் பிள்ளையாண்டிருந்தாள். பேரன் ஜோவினை நாங்கள் முதன்முதலில் பார்த்தது வாழ்த்து நேரத்தில்தான். முதல் பிறந்தநாள் என்று போட்டிருந்தது, பிள்ளைக்குத் தலைகூட நிற்கவில்லை. அடுத்த மாதமும் அவனுக்குப் பிறந்தநாள் வந்தது. அதற்கடுத்த மாதமும். கீழே, வாழ்த்துவோர்: தாத்தா தொபியாஸ், ஆச்சி பிலோமினா என்று இருக்கும். நாங்கள் சொல்லாத வாழ்த்தை நாங்களே சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்து நாங்களே அழுவோம்.

பதிலுக்கு நாங்கள் தூத்துக்குடி அலைவரிசையில் மாதாமாதம் எங்கள் திருமண நாளைக் கொண்டாடினோம். போன் நிற்கும் முன் பேசி வைத்தபடி, ஜெசிந்தா அங்கே தன் பெட்டியை எங்கள் முகவரிக்கு மாற்றிக்கொண்டு அதைப் பார்ப்பாள். எங்கள் படம் அதில் எப்படி வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது, எங்கள் பெட்டியில்தான் தூத்துக்குடி வராதே. ஆக, சட்டத்தின் கணக்கில் அவள் எங்கள் வீட்டில் குடியிருந்தாள், நாங்கள் அவள் வீட்டில் குடியிருந்தோம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த காலமும் ஒன்று இருந்தது.

துறைமுகத்துக் கடல் தடுப்புச்சுவர் இந்த வடகிழக்குப் பருவமழையைத் தாங்காது என்று தூத்துக்குடி அலைவரிசையில் அறிவித்தார்களாம். கடலோர மண்டலத்து ஜனங்களை ரயிலில் ஏற்றி ஓசூர் மேட்டு மண்டலத்தில் குடியமர்த்தப் போகிறார்களாம். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் எல்லாரும்தான் வேறு வேறு ஊர்ச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோமே. தெருக்கோடி டெய்லர் குமரேசன் ஒண்டிக்கட்டை, பார்க்க வேண்டிய சொந்தம் எங்கும் இல்லாதவர், அதனால் முகவரி மாற்றாதவர். அவர் தையல் மெஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, எங்கே அண்ணாச்சி என்று விசாரித்த பிறகுதான் ஊர் மூழ்கப்போகிற விஷயமே எங்களுக்கு வந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு எங்கள் வீட்டில் கல்யாணக் களை. பிறந்து வளர்ந்த ஊர் கடலுக்குள் போகிறதே என்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஓசூருக்குப் போகிறோம். பிலோமி பேரனுக்கு மக்ரூன் வாங்கி டப்பாவில் அடைத்தாள். அங்கே குளிரும் என்று எனக்கு ஒரு குல்லா தேடினாள். துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவன் நான், காதில் குல்லாவோடு கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்து முகாமில் வரிசையில் நின்றோம். அதிகாரி மேட்டு மண்டலத்துப் பையன். மரியாதையான பையன்தான், குறை சொல்லக்கூடாது. எங்கள் பெட்டி அட்டையைக் கருவியில் வைத்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

“ஐயா, நீங்க ஏற்கனவே ஓசூர்லதானே இருக்கீங்க. இருக்கிற ஊருக்கே உங்கள எப்படிங்க கூட்டிட்டுப் போறது?”

“நான் இந்தா நிக்கேனே தம்பி, உங்க முன்னாடி.”

“நிக்கிறது தெரியுதுங்க ஐயா. வசிக்கிறது அங்க.”

அவன் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முகவரியைத் திரும்ப மாற்ற முடியுமா என்று கேட்டேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவைதான் மாற்றலாமாம். எங்கள் முறை வர மழைக்காலம் கழிய வேண்டும். ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து எழுதிக் கொடுக்கலாம் என்றான். எங்கே என்றேன். ஓசூர் அலுவலகத்தில் என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்த்திருப்பேன். பிலோமிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். எங்களுக்குப் பின்னால் எங்கள் தெருவே நின்றது. சென்னைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், எல்லாரும் அவரவர் ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லப்பட்டு வீட்டுக்கு வந்தோம்.

ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. ஏறுகிறவர்கள் முகத்தை எல்லாம் தூத்துக்குடி அலைவரிசையில் பெருமையாகக் காட்டினார்களாம். ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ரயில் பெட்டியிலும் எங்களைத் தேடியிருப்பாள். வெள்ளிக்கிழமை காலை கடைசி ரயிலும் போயிற்று. இனிமேல் கடலோரத்திலிருந்து யாரும் மேட்டுக்கு ஏற முடியாது. மூழ்கப்போகிற ஊருக்கு இறங்குகிறவர்களை மட்டும் இப்போது எந்த வாசலும் தடுப்பதில்லை.

சனிக்கிழமை வாழ்த்து நேரத்தில் அவள் வந்தாள். அவளும் லியோனும் இடுப்பில் ஜோவினும். பிறந்தநாள் இல்லை, புதுமனை புகுவிழா. நாள்: திங்கள். இடம் என்ற இடத்தில் எங்கள் தெருப்பெயரும் எங்கள் கதவு எண்ணும். ஊர் போடவில்லை. ஓசூரில் அப்படி ஒரு தெரு இருக்கிறதா என்று அங்கே எவனும் பார்க்கவுமில்லை.

“எட்டி, வாறாட்டி,” என்றேன் நான், வாயெல்லாம் பல்லாக. என்னை அறியாமல் வந்துவிட்டது. மகளைத் தொட்டு இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது.

பிலோமி சிரிக்கவில்லை. டிவியைப் பார்த்தபடி, இங்கே வந்தால் திரும்ப எப்படிப் போவாள் என்று மட்டும் கேட்டாள். பிறகு எனக்கும் சிரிப்பு நின்றது. எங்களோடு சேர்ந்து சாவதற்கு என் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறாள்.

வராதே என்று சொல்ல வேண்டும். அந்த ஐந்து வாசகங்களில் வராதே என்று ஒன்று இல்லை. திருமண நாள் போட்டால், உயிரோடு இருக்கிறார்கள் என்று இன்னும் வேகமாக வருவாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிலோமி சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

தூத்துக்குடி ஒளிபரப்பு நிலையத்தில் பியூலா ஒருத்திதான் இருந்தாள். ஜெசிந்தாவோடு பள்ளியில் படித்த பெண். நிலையத்தை மூடிவிட்டுக் கிளம்பும் ஊழியர் வண்டி மறுநாள் சாயங்காலம் வருகிறதாம், அதுவரை ஒளிபரப்பை ஓட்டுவதற்கு அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்றதும் பதறி, யாருக்கு என்றாள். எனக்கு என்றேன்.

“உயிரோட இருக்கவியளுக்கு நான் எப்படி அங்கிள் அடிப்பேன்?”

பிலோமி அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இவியளுக்கு மட்டும் போட்டா, அம்மை தனியா கெடக்காளேன்னு எனக்காவ வருவா. ரெண்டு பேருக்கும் போடு. அடக்கம்ங்கிற எடத்துல முடிஞ்சிட்டுன்னு போடு பியூலா. இல்லைன்னா மண்ணு போடவாவது வந்துருவா.”

பியூலா முந்தானையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அடித்தாள். அவளிடம் இருந்தது எங்கள் மாதாந்திரத் திருமண நாள் படம்தான். அதிலிருந்த ரோஜாப்பூச் சட்டத்தை எடுத்துவிட்டு மெழுகுவர்த்திச் சட்டம் போட்டாள். பூச்செண்டைப் பிடித்திருந்த என் கை பாதியில் வெட்டுப்பட்டது. தோன்றிய தேதி கேட்டாள், சொன்னோம். மறைந்த தேதி கேட்டாள். நேற்று என்றாள் பிலோமி. வருந்துவோர்: மகள் ஜெசிந்தா, மருமகன் லியோன், பேரன் ஜோவின். அந்த மூன்று பேரையும் பியூலா எங்களுக்கு வாசித்துக் காட்டி எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கேட்டபோது என்னால் அங்கே இருக்க முடியவில்லை. வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

மணிக்கு ஒரு தடவை ஓட்டுகிறேன், மூடும்வரை ஓட்டுகிறேன் என்று பியூலா வாக்குக் கொடுத்தாள். தன்னோடு ஊழியர் வண்டியில் ஒளித்துக் கூட்டிப்போகட்டுமா என்றும் கேட்டாள். மாட்டினால் அவளையும் இறக்கிவிடுவார்கள். வேண்டாம் என்று பிலோமி அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை முழுக்க நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் எந்த உருவம் வந்தாலும் பிலோமி என் கையை இறுகப் பிடித்தாள். வந்துவிடக்கூடாது மாதாவே என்று வேண்டியவளும் அவள்தான், ஆள் யாரென்று தெரிய எட்டி எட்டிப் பார்த்தவளும் அவள்தான். இருட்டும்வரை யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓசூர் வாழ்த்து நேரத்தில் எங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி வந்தது. ஜெசிந்தா போட்டிருந்தாள். அவள் கல்யாணத்தன்று எடுத்த படம், எனக்கு மீசை கறுப்பாக இருந்தது. முப்பதாம் நாள் பூசை எந்தக் கோயிலில், எத்தனை மணிக்கு என்று எல்லாம் விவரமாக இருந்தது.

“நல்ல படமாத்தான் பாத்துப் போட்டுருக்கா,” என்றாள் பிலோமி. பிறகு எழுந்துபோய் இட்லி ஊற்றினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆகிறது. சுவர் இன்னும் நிற்கிறது, பொங்கும்போது தெருவில் கணுக்காலளவு தண்ணீர் வருகிறது. ஓசூர் அலைவரிசை ஒருநாளும் தவறாமல் தெளிவாக வருகிறது. காலையில் குளித்து, தலைசீவி, சாப்பிடாமல் உட்காருகிறோம். யார் யாரோ பெற்ற பிள்ளைகள் கேக் வெட்டுகின்றன. ஜோவின் வருவதில்லை. பார்க்க ஆளில்லாத இடத்துக்கு யாராவது பிள்ளையைக் காட்டுவார்களா? அவனுக்கு எத்தனை பல் முளைத்தது, முடி வெட்டினார்களா, ஒன்றும் இனி எங்களுக்குத் தெரியப்போவதில்லை. கடல் வந்து எங்களைக் கொல்லும்போது கொல்லட்டும், எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. இதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்றைக்கும் கடைசி விளம்பரம்வரை பார்த்துவிட்டு பிலோமி டிவியை அணைத்தாள்.

“இன்னைக்கும் வரல. நம்பிட்டா,” என்றாள்.

நல்லதுதானே என்றேன். நல்லதுதான் என்றாள்.