வாதி நடக்கும் வழி

புதன்கிழமை நடைநாள். காலை ஏழு மணிக்கெல்லாம், மாவட்டத்துக்கு ஒன்றே ஒன்றான நீதிமன்ற வான்வண்டி குருவிமேடு இருளர் குடியிருப்புக்கு வெளியே வந்து இறங்கியது. நீதிபதி கயற்கண்ணி ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வாதி பூங்காவனத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு தடப்பதிவி தொங்கியது. அவர் போகிற இடமெல்லாம் அது பார்க்கும், கேட்கும், எழுதி வைக்கும்.

“கிளம்பலாங்களா?” என்றார் நீதிபதி.

பூங்காவனம் தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தாள். அவள் அம்மா காலத்தில் மூன்று பஸ் மாறிப் போய், கோர்ட்டு வராண்டாவில் நாள் முழுக்க நின்று, ‘வாய்தா’ என்ற ஒரே சொல்லோடு திரும்பி வருவார்கள். இப்போது நடைச்சட்டம் வந்துவிட்டது. வாதி அன்றாடம் நடக்கிற வழியில் நீதிபதி பின்னாலேயே நடக்க வேண்டும். முந்தக் கூடாது, வழி காட்டக் கூடாது, போய்ச் சேரும்வரை வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இப்படியும் ஒரு சட்டத்தை யோசித்த மகராசி யாரோ, அவள் நன்றாக இருக்கட்டும்.

பூங்காவனத்தின் வழக்கு ஒரு பாதையைப் பற்றியது. குருவிமேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பொதுப்பாதையை மறித்துப் புருஷோத்தமன் ஒளிப்பண்ணை போட்டான். சூரியத் தகடுகளுக்கு நடுவே பாதை இன்னும் இருக்கிறது. ஆனால் அதன் வாயில் இரும்புக் கதவு, கதவில் பூட்டு. நான்கு வருடமாக அவள் அன்றாடம் ஓடையில் இறங்கிச் சுற்றித்தான் போய் வருகிறாள். போன வருடம் மூத்த மகள் அஞ்சலைக்கு வலி எடுத்தபோதும் அந்த ஓடை வழியாகத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்தது, அழவே இல்லை. இளையவள் செவ்வந்திக்கு இது ஒன்பதாவது மாதம்.

தோப்பைத் தாண்டியதும் பூங்காவனத்துக்குத் திக்கென்றது. கதவு விரியத் திறந்து கிடந்தது. பாதையில் புதுச் சரளை கொட்டியிருந்தார்கள். என்றைக்கும் இல்லாத திருநாளாகப் புருஷோத்தமன் கையில் இளநீரோடு நின்றான்.

“வாம்மா பூங்காவனம். வாங்க மேடம். இந்தக் கதவு எப்பவும் தெறந்துதான் கெடக்கும். யாரு வேணாலும் போலாம், வரலாம்.”

நேற்றுச் சாயங்காலம்வரை பூட்டியிருந்தது என்று கத்த வேண்டும்போல இருந்தது. யார் நம்புவார்கள்? கண்ணெதிரே திறந்து கிடக்கிறதே. வழக்கு போயிற்று, செவ்வந்தி என்ன ஆவாள் என்று நினைத்தபடியே தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

முழங்காலில் தண்ணீர் ஏறிய பிறகுதான் சுயநினைவு வந்தது. ஓடைக்குள் நின்றுகொண்டிருந்தாள்! கதவுக்கு முன்னால் எப்போது திரும்பினாள், வேலிக்காத்தான் புதரை எப்போது கடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பின்னால் நீதிபதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முள் கிழித்த கையோடு வந்துகொண்டிருந்தார்.

“ஐயோ ஜட்ஜம்மா! புத்தி கெட்டுப்போயி உங்கள இங்க இட்டாந்துட்டேனே. தெறந்த வழிய உட்டுட்டு...”

நீதிபதி பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. நடக்கும்படி கையை மட்டும் காட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது தடப்பதிவி நாற்பத்தேழு நிமிடம் என்று காட்டியது. காரில் சுற்றி வந்து இறங்கிய புருஷோத்தமன் எகிறினான். “இது நடிப்பு மேடம்! வேணும்னே ஓடையில எறங்குறா.”

நீதிபதி அவனை நிதானமாகப் பார்த்தார். “நடிக்கிறவங்க கால் வைக்கிற எடத்தப் பாத்து வைப்பாங்க. தண்ணிக்குள்ள எங்க கல்லு, எங்க பள்ளம்னு எனக்குத் தெரியல. நாலு தடவ வழுக்கினேன். இவங்க ஒரு தடவகூடக் குனிஞ்சு பாக்கல. நேத்தோ இன்னிக்கோ தெறந்த கதவு இவங்க காலுக்கு எப்படிங்க தெரியும்?”

கதவைப் பிடுங்கி எறிய வேண்டும், பாதை பொதுப்பாதையே என்று அங்கேயே தீர்ப்பு ஆனது. பூங்காவனம் கும்பிட்டாள். பொல்லாத கால்கள் என்று திட்டிக்கொண்டே வந்தவளுக்கு இப்போது அந்தக் கால்களைத் தொட்டுக் கும்பிடலாம்போல இருந்தது.

“கும்பிட்டா போதாதும்மா,” என்றார் நீதிபதி. “நீங்க அந்த வழியா ஒருதரம் நடந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். அதுவும் சட்டந்தான்.”

வான்வண்டியில் குருவிமேட்டுக்குத் திரும்பினார்கள். பூங்காவனம் செவ்வந்தியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு கிளம்பினாள். கதவுக்கு முன்னால் அவள் கால் பழையபடி ஓடைப்பக்கம் திரும்பியது. செவ்வந்தி இழுத்து நிறுத்தினாள். “யம்மா, இப்பிடி வா.” பூங்காவனம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீதிபதி அவசரப்படுத்தவில்லை. பின்னால் சரளையிலேயே உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்துப் பூங்காவனம் ஒரு காலை உள்ளே வைத்தாள். பிறகு மற்றொன்றை.

வயிற்றுப்பிள்ளைக்காரி மெதுவாகத்தான் நடந்தாள். ஆனாலும் ஏதோ பேசத் தொடங்குவதற்குள் ஆஸ்பத்திரிக் கட்டடம் வந்து நின்றது. பூங்காவனம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

“எத்தினி நேரம் ஆச்சு ஜட்ஜம்மா?”

நீதிபதி தடப்பதிவியைப் பார்த்தார். “ஒம்பது நிமிஷம்.”

“ஒம்பதுதானா?” என்றாள் பூங்காவனம். அஞ்சலையின் பிள்ளையை நினைத்து, வென்றவள் நடுவாசலில் உட்கார்ந்து கதறி அழுதாள். கயற்கண்ணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அழுது முடியும்வரை அவர் கையெழுத்துப் போடவில்லை.