நீல அலமாரியின் உள்பக்கம்

கச்சிராயப்பாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த அந்த வீட்டுக்கு உமைரும் ஃபரீனும் லோடு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கள்ளக்குறிச்சியில் பழைய மரச்சாமான் வாங்கி விற்பது அவர்கள் தொழில். பேசி வாங்குவது உமைர். சுரண்டித் தேய்த்து, பெயிண்ட் அடித்துப் புதிதாக்குவது அவன் மனைவி ஃபரீன். வீட்டை இடிக்கப்போவதாகச் சொல்லி அவர்களை வரவழைத்த அருள்மொழி வாசலோடு நின்றுகொண்டான்.

"கடைசி ரூம்ல இருக்குதுங்க. நீங்களே எடுத்துக்கோங்க."

தேக்கு அலமாரி. ஆள் உயரம். உள்ளே ஒரு தட்டுகூட இல்லை. இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, பின்பக்கம் இழுத்து, நைலான் கயிற்றால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை தங்கள் வீட்டின் பின்முற்றத்தில் வைத்து ஃபரீன் அந்தக் கயிற்றை அறுத்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மேலிருந்த பச்சைப் பெயிண்ட் உரிந்தது. அடியில் ரோஸ், அதற்கும் அடியில் கறுப்பு. எத்தனையோ பேர் இதை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. எதை என்று தெரியவில்லை.

பிறகு தெரிந்தது.

கதவின் வெளிப்பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தாழ்ப்பாள் பிடுங்கிய தடம். உள்பக்கம், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கீறல்கள். உட்கார்ந்திருப்பவரின் கை எட்டும் உயரம். ஃபரீன் தன் நான்கு விரல்களை அந்தக் கீறல்மேல் வைத்தாள். அளவெடுத்ததுபோலப் பொருந்தின. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

பட்டி வைத்துக் கீறலை அடைத்தாள். பிரைமர் அடித்தாள். காய்ந்ததும் உள்ளே நீலம் பூசினாள். கதவுகள் திறந்தே கிடந்த இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் வெளிப்பக்கம் பூச வேண்டியிருந்தது. கதவுகளைச் சாத்தினாள்.

பிரஷ் பாதிக் கதவுக்கு வந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. பிசுபிசுப்பான எதையோ விரலால் மெல்ல வழிப்பதுபோல.

திறந்தாள். யாரும் இல்லை. முழுக்கக் காயாத நீலத்தில் நான்கு கோடுகள், மேலிருந்து கீழாக.

"எலியா இருக்கும்," என்றான் உமைர்.

"எலிக்கு இவ்ளோ பெரிய கையா இருக்கும்?"

"உனக்கு வேல ஜாஸ்தி. அதான் இப்டித் தோணுது. விடு, நான் பாத்துக்கறேன்." அவனே அந்த இடத்தில் மறுபடி பூசினான்.

நான்காம் நாள் மதியம். கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த ஃபரீன், ஐந்து வயது மகள் ஷிஃபாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கட்டிலுக்கடியில் பார்த்தாள். தெருவில் பார்த்தாள். திரும்பப் பின்முற்றத்துக்கு ஓடினாள்.

திறந்துவைத்திருந்த அலமாரி சாத்தியிருந்தது.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. காலை ஊன்றி இழுத்தாள். அரை விரல் அளவு திறந்தது.

உள்ளிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

கதவு மூடிக்கொண்டது.

ஃபரீன் காதைப் பலகையில் வைத்தாள். உள்ளே ஷிஃபா அழவில்லை. தாழ்ந்த குரலில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ம்... எங்கம்மா வருவாங்க... உங்களுக்கு ஏன் யாரும் வரல?"

ஃபரீனின் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. மண்ணில் மண்டியிட்டாள். இழுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று புரிந்தது.

"யாருன்னு தெரியலீங்க," என்றாள். "உங்கள உள்ள போட்டவங்க நாங்க இல்ல. இந்தக் கதவக் கழட்டிப் போட்டுடறேன். இனிமே யாரும் உங்கள மூட மாட்டாங்க. நீங்க வெளிய வந்துடுங்க. எம் புள்ளய மட்டும் வுட்டுடுங்க."

கைப்பிடியைத் தொடாமல் காத்திருந்தாள்.

பிறகு கதவு தானாக, ஓசையில்லாமல் திறந்தது.

மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஷிஃபா. ஃபரீன் அவளை வாரி எடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள். காலையில் குளிப்பாட்டி, உலரட்டும் என்று விரித்துவிட்ட தலை அது.

இப்போது இறுக்கமாக, ஒரு மயிர் பிசகாமல், இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. பின்னல் முழுக்க நீல விரல்தடங்கள்.

விஷயத்தைக் கேட்ட உமைர் கதவுகளைக் கழற்றி, அவற்றையும் அலமாரியையும் தனித்தனியாக ஏற்றிக்கொண்டுபோய் அந்த வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தான். வரும் வழியில் அருள்மொழிக்குப் போன் செய்தான்.

"அதுல யாருங்க இருந்தது?"



"கதவச் சாத்தினீங்களா?" என்றான் அருள்மொழி. அவ்வளவுதான். அதன்பின் அவன் போனை எடுக்கவே இல்லை.

ஷிஃபாவைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதினார்கள். ஜுரம்கூட வரவில்லை. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள், விளையாடினாள். மூன்று இரவுகளுக்குப் பிறகு ஃபரீன் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடம். வேன் வர நேரமாகிவிட்டது. சீப்பை எடுத்துக்கொண்டு ஃபரீன் கூடத்துக்கு வந்தாள். சீருடை போட்டுக்கொண்டு ஷிஃபா நடுக்கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெயில் அவள் முதுகில் விழுந்திருந்தது.

"திரும்பு கண்ணு, தல வாரணும்."

ஷிஃபா திரும்பவில்லை.

"அங்கயே நில்லும்மா," என்றாள் மெதுவாக. "அவங்க எம் பின்னால உக்காந்துக்கினு இருக்காங்க. மிதிச்சிடாத."

ஃபரீன் சீப்போடு நிலைப்படியிலேயே நின்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மகளின் தலையில் நெற்றியிலிருந்து உச்சிவரை, நேராக, நிதானமாக, ஒரு வகிடு பிரிந்தது.