ஓவனுக்குள் ஒருத்தி

சட்டென்று இருட்டிக்கொண்டது.

வீட்டு வாசல் கொட்டகையில், பழைய இரும்பு பீரோவுக்குள் மண்டியிட்டு, உள்சுவரில் தகரம் பதித்துக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டாள். யாரோ வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டார்கள்!

"யாரது? கதவைத் திற!"

"ஐயோ... பீரோ பேசுது!"

கதவு திறந்தது. தொப்பலாக நனைந்த ஒருவன். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே... அம்மாடி, எத்தனை பெரிய கண்கள்! திட்ட வந்ததில் பாதி அவளுக்கு மறந்துபோனது. மீதியைத் திட்டித் தீர்த்தாள்.

"மழைக்கு ஒதுங்கினேங்க... சும்மா சாஞ்சேன், மூடிக்கிச்சு. ஆமா, உள்ள என்ன பண்றீங்க?"

"குடித்தனம் பண்றேன்!"

அவன் சிரித்துவிட்டான்.

சைக்கிள்களுக்கு வண்ணம் பூசுவது அவள் தொழில். உலோகத்தில் தூவிய வண்ணப்பொடியைச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்க ஓவன் வேண்டும். அந்த பீரோவைத்தான் ஓவனாக மாற்றிக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் சூடு தாங்கும் பஞ்சு அடைத்தாயிற்று. அதை மூடி உள்தகரம் பதிப்பதுதான் பாக்கி. அவனோ அடுத்த தெருவில் கடை வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

"நான் குளிர வைக்கிறவன்... நீங்க கொதிக்க வைக்கிறவங்க."

"இப்பவே கொதிச்சுட்டுதான் இருக்கேன். மழை விட்டாச்சு, கிளம்புங்க!"

கிளம்பினான். மறுநாள் மழையே இல்லாமல் வந்து ஒதுங்கினான். அதற்கடுத்த நாளும்... அவள் அம்மா, யாரும் கேட்காமலே அவனுக்கும் சேர்த்து டீ போட ஆரம்பித்தாள்.

ஒருநாள் அவள் கடைக்குப் போய்த் திரும்பினால், அவள் கோணலாகப் பதித்திருந்த பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, நூல் பிடித்தாற்போல் மாட்டி வைத்திருந்தான். முகமெல்லாம் பெருமை.

"உங்களை யார் கேட்டது?" அவள் பையைத் தொப்பென்று கீழே வைத்தாள். "எங்க அண்ணனும் இப்படித்தான். 'உனக்கு வராது, கொடு'ன்னு எதையும் கையிலேர்ந்து பிடுங்கிடுவான். நீங்களுமா? கோணலா இருந்தாலும் அது என் கோணல்ங்க!"

அவன் முகம் வாடியது. கிளம்பிப் போய்விட்டான்.

அப்புறம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது... அவன் ஒதுங்கவில்லை. 'போனா போகட்டும்' என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். மேல்தகரம் மட்டும் மிச்சம். ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். அருமையாக நின்றது. ரிவெட் ஆணி அடிக்க வேண்டியதுதான்... அடிக்கவில்லை. தகரத்தை இறக்கி வைத்துவிட்டு, குடைகூட எடுக்காமல் அவன் கடைக்கு ஓடினாள்.

"மேல்தகரம் பிடிக்கணும். வர்றீங்களா?"

பிரித்துப் போட்ட ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து அவன் எழுந்தான். "அன்னிக்கு உங்களைக் கேட்டிருக்கணும்... மன்னிச்சுடுங்க. இனிமே எதையும் நேராக்க மாட்டேன்."

"பிடிச்சா போதும்!"

ஓவனுக்குள் தோளோடு தோள் இடித்தது. இரண்டு கையாலும் தகரத்தைத் தாங்கி நின்றவன், மூலையில் கிடந்த கட்டையைப் பார்த்துவிட்டான்.

"முட்டுக் கட்டை சரியா அளவெடுத்து வச்சிருக்கீங்களே... அப்புறம் நான் எதுக்கு?"

அவள் ரிவெட் அடிப்பதை நிறுத்தினாள். காது மடல் சிவந்தது.

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு... கட்டைகிட்டயா போய்ச் சொல்றது?"

தகரம் கடகடவென்று ஆடியது.

"ஐயோ, விட்டுடாதீங்க!"

"விட மாட்டேங்க..." என்றான், தகரத்தைப் பார்க்காமல்.