சிவப்பு மையில் ஒரு 'ள'

டிரிங்... டிரிங்... டிரிங்...

பள்ளி அலுவலக அறையில் டெலிபோன் விடாமல் அடித்தது.

மணி நாலு பத்து. கடைசி மணி அடித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கிளார்க் கிளம்பிவிட்டார். ஹெச்.எம். மதியமே ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார். திருத்திய நோட்டுகளை மார்போடு அணைத்தபடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்த மூன்றாம் வகுப்பு டீச்சர்தான் உள்ளே ஓடி வந்து ரிசீவரை எடுத்தாள்.

எதிர்முனையில் அவள் வகுப்புப் பெண் வாலுவின் சித்தி. இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள். வாலு தினமும் பள்ளி விட்டதும் அங்கேதான் போவாள்.

"டீச்சர்... அவ இன்னும் வரல."

டீச்சரின் கையிலிருந்த நோட்டுகள் சரிந்தன.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், இதே நேரத்தில், இதே மூன்று வார்த்தைகளை அவளுடைய அம்மா வாசலில் நின்று சொன்னாள். அவ இன்னும் வரல... டீச்சருக்கு அப்போது ஒன்பது வயது. தங்கைக்கு ஆறு.

தங்கை இன்னும் வரவில்லை.

"அவங்க அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்ல முடியவில்லை என்றாள் சித்தி. வாலுவின் அம்மா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். உள்ளே போனால் போன் லாக்கரில். இன்றைக்கு ஆறு மணிக்கு முன்னால் வெளியே வரமாட்டாள்.

டீச்சர் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். மாடிப்படிக்கு அருகில் வந்ததும் கால்கள் நின்றன.

ஐந்தாவது படியில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது. பச்சை நிறம். மூடியில் பல் கடித்த தழும்பு.

வாலுவின் பாட்டில்.

மூடியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

வாலு வெளியே போகவில்லை. மேலே ஓடியிருக்கிறாள். யாரையோ பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறாள்!

டீச்சர் அலுவலக அறைக்குத் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த காவல் நிலைய எண்ணைச் சுழற்றினாள். பெண் இன்ஸ்பெக்டர் ஒருத்தி பேசினாள். கேட்டைப் பூட்டுங்கள், யாரையும் வெளியே விடாதீர்கள், பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றாள்.

கேட்டில் விசில் சார் நின்றிருந்தார்.

டிரில் மாஸ்டர். ஐம்பது வயது. கழுத்தில் எப்போதும் விசில். பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் எண்ணி ஒப்படைப்பது அவர் வேலை. அந்த விசிலை நீளமாக ஒருமுறை ஊதினால், முந்நூறு பிள்ளைகளும் எங்கிருந்தாலும் ஓடிவந்து வரிசையில் நிற்பார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. எல்லாப் பிள்ளைகளையும் தானே அனுப்பியதாகவும், வாலு தெருவைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். டீச்சர் பாட்டிலைக் காட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இங்கதான் எங்கயோ ஒளிஞ்சிருக்கா. நீங்க பதறாதீங்க டீச்சர். நான் கேட்டைப் பூட்டிட்டுக் கீழ பாக்கறேன். நீங்க மேல பாருங்க."

டீச்சர் தலையாட்டினாள். மேலே போவதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று தேவைப்பட்டது.

வார்த்தை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் டீச்சருடையது. பாடத்திட்டத்தில் இல்லாத பீரியட். அவளே சண்டை போட்டு வாங்கியது. பிள்ளைகள் அதற்கு 'உஷார் பீரியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த பீரியடில் நான்கே விஷயம். யார் வந்து கூப்பிட்டாலும், அம்மாவும் நீயும் பேசி வைத்திருக்கும் ரகசிய வார்த்தையைக் கேள். தெரிந்தவராக இருந்தாலும் கேள். தப்பாகச் சொன்னால் ஓடு. பையைப் பிடித்தால் பையை விட்டுவிட்டு ஓடு, பை வேறு வாங்கலாம். ஒளிந்துகொண்டால், சரியான வார்த்தை காதில் விழும்வரை வெளியே வராதே.

"நானே வந்து கூப்பிட்டாலும் வரக்கூடாது. புரிஞ்சுதா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். முப்பத்தொரு குரல்கள் கூரை பிய்ந்துகொள்ளும்படி "புரிஞ்சுது டீச்சர்" என்று கத்தும்.

ஒத்திகை நாட்களில் விசில் சார்தான் கெட்ட மாமா வேஷம் போடுவார். கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, சாக்லேட்டை ஆட்டி ஆட்டி வருவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஹெச்.எம். கூப்பிட்டு, ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், உஷார் பீரியடுக்கு ஆதாரமாக ஏதாவது ஃபைலில் இருக்கட்டும் என்று சொல்லும்வரை.

டீச்சர் முப்பத்தொரு சீட்டு கொடுத்தாள். பிள்ளைகள் அவரவர் வார்த்தையை எழுதித் தந்தார்கள்.

ரகசியத்தை எழுதி வாங்கினாள்! அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு கைப்பழக்கம். பத்து வருடமாக நோட்டு திருத்திய கை. சீட்டுகளை அடுக்கும்போதே சிவப்புப் பேனா தானாக எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டு போனது.

இப்போது டீச்சர் ஆசிரியர் அறை பீரோவைத் திறந்து அந்த ஃபைலை எடுத்தாள். வரிசை எண்படி அடுக்கியிருந்தாள். மேலே ஒன்றாம் எண் இருக்க வேண்டும்.

மேலே இருந்தது பதினாலு.

பதினாலு வாலுவின் எண்.

யோசிக்க நேரமில்லை. சீட்டில் சிவப்பாகத் தெரிந்த வார்த்தையை மட்டும் படித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பள்ளி. பள்ளி. பள்ளி.

மாடி வராந்தா காலியாகக் கிடந்தது. மத்தியானம் வரை ஓட்டமும் கூச்சலுமாக இருந்த இடம். இப்போது அவளுடைய செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சின்னச் செருப்பின் சத்தம் கேட்பது போலிருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

தங்கைக்கு வீட்டில் டப்பி என்று பெயர். வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒருநாள் விளையாட்டு மைதானத்தில் அக்காதான் தொண்டை கிழிய "டப்பீ..." என்று கத்திக் கூப்பிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒருவன் கேட்டுக்கொண்டான். மறுநாள் வந்து, "டப்பி, அக்கா கூப்பிடறா" என்றான்.

டப்பி போய்விட்டாள்.

வகுப்பறைகள் காலி. கடைசியில் வரைபட அறை. சுருட்டிய வரைபடங்கள் மூலையில் ஆளுயரத்துக்குச் சாய்ந்து நின்றன. உடைந்த உலக உருண்டை தரையில்.

டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு, கிசுகிசுப்பாகச் சொன்னாள்.

"பள்ளி."

மூலையில் காகிதம் சரசரத்தது. உடனே அடங்கியது.

அங்கே ஒரு மூச்சு இருந்தது. அடக்கிப் பிடித்த, சின்ன மூச்சு.

"வாலு... நான்தான்மா, டீச்சர். பள்ளி."

அந்த மூச்சு இன்னும் இறுகியது. இருட்டு மூலையிலிருந்து ஒரு குழந்தை தன்னைக் கண்டு நடுங்குகிறது என்பது டீச்சருக்குப் புரிந்தது. ஏன்? வார்த்தையைத்தான் சொல்லிவிட்டேனே...

அப்போதுதான் கீழே, மாடிப்படிப் பக்கம், அந்தக் குரல் கேட்டது. தாலாட்டுப் பாடுவது போல மெதுவாக...

"பள்ளி... பள்ளி... வாடா கண்ணு... பள்ளி..."

விசில் சார்!

அந்த வார்த்தையை டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தது கீழே கேட்டிருக்க முடியாது.

கையில் கசங்கியிருந்த சீட்டைப் பிரித்தாள். இந்தத் தடவை சிவப்பைப் படிக்கவில்லை. அதற்கடியில் பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்தாள்.

கோணல் மாணலாக, அழுத்தமாக...

பல்லி.

ல! குழந்தை சரியாகத்தான் எழுதியிருந்தாள். 'ல'வும் 'ள'வும் குழம்புகிற வயது என்று நினைத்து, திருத்தியது டீச்சர்.

அப்படியென்றால் வாலுவின் ரகசிய வார்த்தை 'பள்ளி' என்பது இந்த ஒரு சீட்டைத் தவிர உலகத்தில் எங்கேயும் இல்லை. அதைச் சொல்கிறவர் இந்தச் சீட்டைப் படித்திருக்கிறார்.

படியில் காலடி ஓசை ஏறி வந்தது. நிதானமான, கனமான பூட்ஸ்.

இப்போது சரியான வார்த்தையைச் சொன்னால் வாலு வெளியே வந்துவிடுவாள். நேராக அவர் கைக்கு.

டீச்சர் வாயை இறுக மூடிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

விசில் சார் சிரித்தார். "கிடைச்சாளா?"

"இல்ல சார்." குரல் நடுங்கியதை அவர் அழுகை என்று எடுத்துக்கொள்ளட்டும். "ஆனா... எதிர்ல உங்க பந்து ரூம்ல ஏதோ உருள்ற சத்தம் கேட்டுச்சு. எனக்கு உள்ள போகப் பயமா இருக்கு."

அவர் கண்கள் ஒரு கணம் சுருங்கின. பிறகு அவசரமாகப் பந்து அறைக்குள் நுழைந்தார்.

இரும்புக் கதவு. தாழ்ப்பாள் வெளியே. பந்து திருடும் பிள்ளைகளுக்காக அவரே போட்டது.

டீச்சர் இரண்டு கையாலும் இழுத்துத் தாழிட்டாள்!

உள்ளேயிருந்து அவர் மிக மென்மையாக, "டீச்சர், காத்துல கதவு சாத்திக்கிச்சு போல. திறங்களேன்" என்றார்.

அவள் திறக்கவில்லை.

கதவு இடிபட்டது. ஒருமுறை... இரண்டுமுறை... பிறகு அந்த விசில் ஒலித்தது. நீளமாக. முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் விசில்.

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைபட அறையின் வாசலைப் பார்த்தாள். பழகிய கால்கள் ஓடி வந்துவிடுமோ...

யாரும் வரவில்லை.

அவள் உள்ளே போய்த் தரையில் மண்டியிட்டாள்.

"பல்லி."

காத்திருந்தாள்.

பிறகு மூலையிலிருந்து நாக்கை மேலண்ணத்தில் தட்டும் சின்னச் சத்தம்.

"த்ச்... த்ச்... த்ச்..."

வரைபடங்கள் சரிந்தன. ஒரு கண்டத்துக்கும் இன்னொரு கண்டத்துக்கும் நடுவிலிருந்து, தலையெல்லாம் தூசியாக, ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பல்லி."

வாலு பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது டீச்சரின் புடவை முந்தானையைப் பிடித்தபடி வாலு நடந்ததைச் சொன்னாள். எல்லோரும் போன பிறகு விசில் சார் கூப்பிட்டாராம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, காரில் ஏறு என்றாராம். வார்த்தை கேட்டாளாம். பள்ளி என்றாராம்.

"நான் முதல்ல ஒத்திகைன்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா... சார் சிரிக்கவே இல்ல."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திக் குழந்தையைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"பையைப் புடிச்சாரு. நான் கையை உருவிக்கிட்டு ஓடிட்டேன். எங்க வீட்ல கடிகாரத்துக்குப் பின்னாடி ஒரு பல்லி இருக்கு. அதுவும் அப்படித்தான், வாலை விட்டுட்டு ஓடிடும்."

பந்து அறையில், பாய்களுக்கு அடியில், வாலுவின் பை கிடைத்தது. விசில் சாரின் சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் கிடைத்தது. முப்பத்தொரு வார்த்தைகள். வரிசையாக, அழகான கையெழுத்தில். டீச்சர் திருத்தியதெல்லாம் திருத்தியபடியே.

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். கழுத்திலிருந்த விசிலை ஒரு கான்ஸ்டபிள் கழற்றி வாங்கினார். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றாள். "எல்லாம் என் தப்பு மேடம். எழுதி வாங்கினேன். அதையும் தப்பாத் திருத்தினேன்."

"எழுதி வாங்கினது தப்புதான்," என்றாள் இன்ஸ்பெக்டர். "ஆனா நீங்க தப்பாத் திருத்தலைன்னா, அந்த ஆள் சரியான வார்த்தையைச் சொல்லியிருப்பான். இவ கார்ல ஏறியிருப்பா."

டீச்சர், யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னாள்.

"முப்பத்தொண்ணுல நான் திருத்தினது ஏழுதான் மேடம். மீதி இருபத்துநாலும் சரியாவே இருந்துச்சு."

வெயில் சாய்ந்த வராந்தாவில் காற்று ஒரு காகிதத்தை உருட்டிக்கொண்டு போனது. சின்னச் செருப்பின் சத்தம் போலவே இருந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை அங்கே நிஜமாகவே ஒரு சின்னப் பெண் நின்றாள், ஒற்றைச் செருப்போடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஆறேகாலுக்கு வாலுவின் அம்மா தியேட்டர் உடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்தாள். வாலு அவசரப்படவில்லை. டீச்சருக்குப் பின்னால் நின்றபடி, "வார்த்தை?" என்று கேட்டாள். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அதற்குப் பிறகுதான் போனாள்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் காதோடு காதாகப் பேசினார்கள். கிளம்பும்போது வாலு டீச்சரிடம் வந்து பதினாலாம் நம்பர் சீட்டைக் கேட்டு வாங்கினாள். சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"பழைய வார்த்தை எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு டீச்சர். அம்மாவும் நானும் புதுசு வெச்சுட்டோம்."

டீச்சருக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. சோதித்துப் பார்க்கும் குரலில் கேட்டாள்.

"அப்படியா? என்ன வார்த்தை?"

வாலு அம்மாவின் கையைப் பிடித்து நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள்.

"சொல்ல மாட்டேன். நீங்க திருத்திடுவீங்க."